முன் சீட்டா, பின் சீட்டா?

ரோலர் கோஸ்டரில் எந்தப் பெட்டியில் ஏறுவது என்று நண்பர்களுக்குள் வரும் வாக்குவாதத்துக்கு இயற்பியலில் தெளிவான பதில் உண்டு. வரிசையில் நிற்கும்போது அந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. முன் சீட்டில்தான் பயம், பள்ளம் முழுக்கக் கண்ணுக்குத் தெரியும் என்பார் ஒருவர். பின் சீட்டில்தான் ஆளைத் தூக்கிப் போடும் என்பார் இன்னொருவர். ஒரே ரயில், ஒரே பாதை, எல்லாப் பெட்டிகளும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. அப்படியிருக்க இரண்டு அனுபவம் எப்படி வரும்?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பொழுதுபோக்குப் பூங்கா ஒன்றில் என் பள்ளித் தோழியோடு ஒரு நாள் முழுக்கச் சுற்றினேன். அங்கேயும் இதே பேச்சுதான். "இவ்ளோ தூரம் வந்துட்டு கடைசியில போய் உக்காந்தா என்னடி தெரியும்? முன்னாடி வா" என்றாள் அவள். வங்கியில் வேலை பார்ப்பவள். எண்ணைக் காட்டினால்தான் எதையும் நம்புவாள். அதனால் வரிசை நகரும்வரை கைபேசியின் கணிப்பானில் கணக்குப் போட்டோம்.

முதலில் ஒரு விஷயம். பெரும்பாலான ரோலர் கோஸ்டர்களுக்கு எஞ்சின் கிடையாது. முதல் மேட்டின் உச்சிவரை ஒரு சங்கிலி இழுத்துக்கொண்டு போய் விடும், அவ்வளவுதான். ஏறும்போது அடியில் 'டக் டக் டக்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது பெட்டிக்கு அடியில் தொங்கும் ஓர் இரும்பு நாக்கு, தண்டவாளத்தின் நடுவே உள்ள பற்களில் ஒவ்வொன்றாக விழுகிற சத்தம். சங்கிலி அறுந்தாலும் ரயில் பின்னால் உருளாது. கடைசியாக விழுந்த பல்லிலேயே நாக்கு மாட்டிக்கொள்ளும். பலருக்கும் அந்தச் சத்தத்தில்தான் வயிறு கலங்கத் தொடங்கும். உண்மையில் அது நம்மைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும் சத்தம்.

உச்சியைத் தாண்டியபின் எல்லாம் புவியீர்ப்பின் கையில். 30 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும் ரயில், உராய்வையும் காற்றின் தடையையும் விட்டுவிட்டால், அடியில் விநாடிக்குச் சுமார் 24 மீட்டர் வேகத்தில் இருக்கும். மணிக்கு 87 கிலோமீட்டர். அந்தக் கணக்கில் பயணிகளின் எடைக்கு இடமே இல்லை.

இப்போது சீட்டுக்கு வருவோம். 12 மீட்டர் நீளமுள்ள ரயில் முதல் மேட்டின் உச்சியைக் கடக்கிறது. முன் பெட்டி உச்சியைத் தொடும்போது மீதி ரயில் இன்னும் சங்கிலியின் பிடியில் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகவே முன் பெட்டி சங்கிலியின் வேகத்திலேயே, அதாவது விநாடிக்கு 2 மீட்டர் அளவில், நிதானமாக உச்சியைத் தாண்டுகிறது. முன்னால் உட்கார்ந்தவர் பள்ளத்தை நன்றாகப் பார்க்கிறார். கொஞ்ச நேரம் அந்தரத்தில் நிறுத்திவைத்ததுபோலவே இருக்கும், ஏனென்றால் பின்னால் உள்ள பாரம் அவரை இன்னும் பிடித்துவைத்திருக்கிறது.

கடைசிப் பெட்டி அதே உச்சிக்கு வரும்போது நிலைமை வேறு. ரயிலின் பெரும்பகுதி ஏற்கெனவே சரிவில் இறங்கிவிட்டது. மொத்த ரயிலும் சராசரியாக 3 மீட்டர் இறங்கிவிட்டது என்று வைத்துக்கொண்டால் அதன் வேகம் இப்போது விநாடிக்கு ஏறத்தாழ 8 மீட்டர். பெட்டிகள் பிணைக்கப்பட்டிருப்பதால் கடைசிப் பெட்டியும் அந்த வேகத்திலேயே உச்சியில் வளைய வேண்டும். ஆக, ஒரே வளைவை முன் பெட்டி மணிக்கு 7 கிலோமீட்டரிலும் பின் பெட்டி 28 கிலோமீட்டரிலும் கடக்கின்றன.

வளைவின் ஆரம் 6 மீட்டர் என்றால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். வேகத்தின் வர்க்கத்தை ஆரத்தால் வகுத்தால், அந்த வளைவோடு ஒட்டித் திரும்பக் கீழ்நோக்கி எவ்வளவு முடுக்கம் வேண்டும் என்று கிடைக்கும். முன் பெட்டிக்கு 0.7 கூட இல்லை. புவியீர்ப்பு தருவதோ 9.8. எனவே முன் சீட்டுக்காரர் தன் எடையில் 93 சதவீதத்தோடு சீட்டில் அமர்ந்தே இருப்பார். பின் பெட்டிக்கு 10.5 வேண்டும். அது புவியீர்ப்பு தருவதைவிட அதிகம். மீதியை யார் தருவது? தொடைமேல் இறுகியிருக்கும் அந்தக் கம்பிதான். பின் சீட்டுக்காரர் சீட்டை விட்டு எழும்புகிறார். கம்பி அவரைக் கீழே அழுத்திக் கூட்டிக்கொண்டு போகிறது.

"அப்ப பின்னாடிதான் தூக்கும்" என்று தோழி ஒப்புக்கொண்டாள். ஆனால் அவள் பக்கமும் நியாயம் உண்டு. பாதையின் நடுவே வரும் அடுத்த மேடுகளில் சங்கிலி இல்லை. ரயிலின் மையம் உச்சியில் இருக்கும்போதுதான் அது மிக மெதுவாகப் போகும். முன் பெட்டி உச்சியைத் தாண்டும்போதும், பின் பெட்டி தாண்டும்போதும் அதைவிட வேகம் கூடுதல். ஆகவே அங்கே இரண்டு முனைகளிலும் ஆளைத் தூக்கும். நடுப்பெட்டிதான் சாதுவாகப் போகும். பள்ளத்தின் அடியில் இது தலைகீழாகிறது. அங்கே மையம் அடியைத் தொடும்போது வேகம் உச்சத்தில் இருப்பதால், நடுவில் இருப்பவரைத்தான் சீட் அதிகமாக அழுத்தும்.

இத்தனைக்கும் உடம்பு வேகத்தை உணர்வதே இல்லை. விமானத்தில் மணிக்கு 800 கிலோமீட்டரில் போகும்போது தேநீர் குடிக்கிறோம். இதைவிட ஆச்சரியம், புவியீர்ப்பையும் நாம் நேரடியாக உணர்வதில்லை. 'எடை' என்று நாம் உணர்வது தரையோ நாற்காலியோ நம்மை மேல்நோக்கித் தள்ளுகிற தள்ளலைத்தான். 1907-இல் பெர்ன் நகரின் காப்புரிமை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த ஐன்ஸ்டைனுக்கு, தடையின்றி விழுகிற மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்ற எண்ணம் தோன்றியது. தன் வாழ்க்கையில் மிக மகிழ்ச்சியான எண்ணம் அதுதான் என்று பின்னாளில் அவரே குறிப்பிட்டார். பொதுச் சார்பியல் கோட்பாடு அங்கிருந்துதான் தொடங்கியது. 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் தரையில் இருப்பதில் ஏறத்தாழ 90 சதவீத ஈர்ப்பு உண்டு. வீரர்கள் மிதப்பது நிலையத்தோடு சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பதால். அந்த அனுபவத்தில் ஒன்றிரண்டு விநாடியைத்தான் கடைசிப் பெட்டி நமக்குத் தருகிறது.

வயிற்றில் ஏதோ கிளம்பி மேலே வருகிற உணர்வும் அப்போதுதான் வரும். இரைப்பையும் குடலும் கல்லீரலும் வயிற்றுக்குள் இறுக்கிக் கட்டப்பட்டவை அல்ல, சவ்வுகளில் தொங்குகின்றன. வழக்கமாக அவற்றின் எடை அந்தச் சவ்வுகளை ஓயாமல் கீழே இழுத்துக்கொண்டே இருக்கும். பிறந்ததிலிருந்து இருக்கும் இழுப்பு என்பதால் நாம் அதைக் கவனிப்பதில்லை. சீட்டின் தள்ளல் மறைந்த கணத்தில் அந்த இழுப்பும் மறைகிறது. இல்லாமல் போன பிறகுதான் அது இருந்ததே தெரிகிறது. காதுக்குள்ளும் இதே கதை. உட்காதில் ஒரு பசைப் படலத்தின்மேல் கால்சியம் கார்பனேட் படிகங்கள் பதிந்திருக்கின்றன. அவை அழுந்திச் சாய்வதை வைத்தே மூளை மேல் எது, கீழ் எது என்று அறிகிறது. எடை மறையும்போது அந்தப் படிகங்களும் எதையும் அழுத்துவதில்லை.

இதைக் கண்ணால் பார்க்க ரோலர் கோஸ்டர் தேவையில்லை. ஓர் ஊஞ்சல் போதும். பூங்காவில் குழந்தைகள் பகுதிக்குப் பக்கத்தில் மரநிழலில் பெரியவர்களும் உட்காரக்கூடிய ஊஞ்சல் இருந்தது. பாதி தண்ணீர் உள்ள பாட்டிலைப் பலகையில் நேராக நிறுத்தி, தொடைகளுக்கு நடுவே ஆடாமல் பிடித்துக்கொண்டு தோழி ஆடினாள். ஊஞ்சல் முன்னால் உயர்ந்து நிற்கும் இடத்தில் பலகை நன்றாகச் சாய்ந்திருக்கிறது. பாட்டிலும் அதோடு சாய்ந்திருக்கிறது. தண்ணீரின் மட்டம் தரைக்குக் கிடையாக இருக்கும், அதாவது பாட்டிலுக்குள் சரிந்து தெரியும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். அப்படி இல்லை. ஆட்டம் சீரானதும் தண்ணீர் மட்டம் பலகைக்கு இணையாகவே நிற்கிறது. ஊஞ்சலின் உச்சியிலும் சரி, அடியிலும் சரி, லேசான அலைகளைத் தவிர அது சரிவதே இல்லை. "இது என்னடி, தண்ணிக்குக் கீழ எதுன்னே தெரியலையா?" என்றாள். தெரியவில்லைதான். கயிற்றுக்குக் குறுக்குத் திசையில் புவியீர்ப்பு எவ்வளவு இழுக்கிறதோ, அதே முடுக்கத்தில் ஊஞ்சலும் ஓடிவிடுகிறது. அந்தத் திசையில் தண்ணீருக்கு எந்தத் தள்ளலும் இல்லை. கயிற்றின் திசையில் மட்டும்தான் தள்ளல். தண்ணீருக்குக் 'கீழே' என்பது பலகை இருக்கும் பக்கம். ஊஞ்சலில் ஆடுகிற குழந்தை கயிற்றைக்கூடப் பிடிக்காமல் சறுக்கி விழாமல் உட்கார்ந்திருப்பதும் இதனால்தான்.

இந்தத் தள்ளலை அளந்து கொடுப்பதுதான் ரோலர் கோஸ்டர் பாதை வடிவமைப்பாளரின் வேலை. தொடக்கத்தில் இது யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. நியூயார்க்கின் கோனி தீவில் 1884-இல் லமார்க்கஸ் தாம்சன் அமைத்த பாதையில் வண்டி மணிக்குச் சுமார் 10 கிலோமீட்டரில்தான் ஊர்ந்தது; கட்டணம் 5 சென்ட். 1895-இல் அதே கோனி தீவில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்ற பாதை பயணிகளைத் தலைகீழாகச் சுற்றியது. அதன் வளையம் வட்டமானது. வட்டத்தில்தான் வினை. உச்சியில் விழாமல் இருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகத்தோடு சுற்றினாலே, வட்டத்தின் அடியில் பயணி தன் எடையைப்போல் ஆறு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டும். வட்டம் பெரிதோ சிறிதோ, அந்த ஆறு மடங்கு மாறாது. அதுவும் வளையத்துக்குள் நுழைந்த கணத்திலேயே, படிப்படியாக ஏறாமல், ஒரேயடியாக வந்து அடிக்கும். பயணிகளுக்குக் கழுத்து வலி வந்ததில் வியப்பில்லை.

தீர்வு வர 80 ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியின் அன்டன் ஷ்வார்ஸ்கோப், பொறியாளர் வெர்னர் ஷ்டெங்கல் இருவரும் வட்டத்தைக் கைவிட்டு நீர்த்துளி வடிவத்தை எடுத்தார்கள். அடியில் ஆரம் பெரிது. மேலே போகப்போக வளைவு இறுகிக்கொண்டே வரும். வேகம் அதிகமுள்ள அடியில் மெல்ல வளைத்து, வேகம் குறைந்த உச்சியில் இறுக்கமாக வளைத்தால் தள்ளல் எங்கேயும் எல்லை மீறாது. 1976-இல் கலிஃபோர்னியாவின் மேஜிக் மவுன்டன் பூங்காவில் அந்த வளையத்தோடு ரயில் ஓடியது. இன்று எந்தப் பூங்காவில் தலைகீழ் வளையத்தைப் பார்த்தாலும் கொஞ்சம் நின்று கவனியுங்கள்: முட்டைபோல நீண்டிருக்கும், வட்டமாக இருக்காது. அந்த வளைவில் இருக்கும் அக்கறை எனக்கு எந்தக் கோபுர உயரத்தையும்விடப் பெரிதாகப் படுகிறது.

பின் சீட்டுக்காரர் சீட்டை விட்டு எழும்புவார் என்றேனே, அப்போது பெட்டியே தண்டவாளத்தை விட்டு எழும்பாதா என்று தோழி கேட்டாள். எழும்பத்தான் பார்க்கும். ஜான் மில்லர் என்ற அமெரிக்கர் 1919-இல் இதைத் தடுக்கும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். தண்டவாளத்தின் மேல் உருளும் சக்கரம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, தண்டவாளத்துக்கு அடியில் ஒன்று. மூன்றும் சேர்ந்து கவ்விக்கொள்வதால் ரயில் எந்தத் திசையிலும் கழன்று போகாது. மில்லரின் அடிச்சக்கரம் இல்லையென்றால் இன்றைய ரோலர் கோஸ்டரே இல்லை. நிலையத்தில் நிற்கும்போது எட்டிப் பார்த்தால் மூன்று சக்கரங்களும் தெரியும்.

பிரேக்கிலும் இப்படி ஒரு பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. பல புதிய பாதைகளில் ரயிலின் அடியில் உள்ள உலோகத் தகடு, வரிசையான நிரந்தரக் காந்தங்களுக்கு நடுவே நுழைகிறது. நகரும் தகட்டில் மின்னோட்டம் சுழன்று, தன் நகர்வையே எதிர்க்கிறது. உரசல் இல்லை, தேய்மானம் இல்லை, மின்சாரமும் வேண்டாம். கரண்ட் போனாலும் ரயில் வேகம் குறையும். வேகம் குறையக் குறைய எதிர்ப்பும் குறைவதால் காந்தத்தால் மட்டும் ரயிலை முழுதாக நிறுத்த முடியாது. அதனால்தான் கடைசியில் வேறு பிரேக் பிடிக்கும் அந்தச் சின்னக் குலுக்கல்.

பின் சீட்டின் குலுக்கலுக்கு மருத்துவ இதழிலும் இடம் கிடைத்திருக்கிறது. அமெரிக்காவின் மிஷிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சிறுநீரக மருத்துவர் டேவிட் வார்ட்டிங்கரிடம் வந்த ஒரு நோயாளி, ஃபுளோரிடாவின் டிஸ்னி பூங்காவில் 'பிக் தண்டர் மவுன்டன்' ரயிலில் போய்வந்ததும் சிறுநீரகக் கல் வெளியேறியது என்றார். ஒருமுறை அல்ல, ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும். வார்ட்டிங்கர் அந்தச் சிறுநீரகத்தின் உட்குழிகளைச் சிலிக்கோனில் முப்பரிமாண அச்சில் வார்த்து, உள்ளே சிறுநீரையும் நிஜக் கற்களையும் நிரப்பி, பையில் வைத்து, அதே ரயிலில் திரும்பத் திரும்பப் போனார். முன் சீட்டில் 24 வாய்ப்புகளில் 4 கற்கள் நகர்ந்து வெளியேறின. பின் சீட்டில் 36-இல் 23. முடிவு 2016-இல் வெளியானது. சிரிக்கவும் சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2018-இல் கிடைத்தது. சோதித்தது ஒரே ரயிலில், ஒரு மாதிரி உறுப்பை வைத்து. எனவே கல் உள்ளவர்கள் இதைச் சிகிச்சையாக எடுத்துக்கொண்டு ஓடக் கூடாது. ஆனால் முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் மனப்பிரமை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குப் பிறகு கப் அண்ட் சாசர் ராட்டினத்தில் சுற்றினோம். இறங்கியதும் தோழி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் கண்களைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். விழிகள் ஒரு பக்கமாக மெல்ல நகர்ந்து, சட்டென்று துள்ளித் திரும்பி, மறுபடி நகர்ந்தன. ராட்டினம் நின்ற பிறகும் அவள் மூளைக்கு உலகம் சுற்றிக்கொண்டிருந்தது. சொம்பில் தண்ணீர் எடுத்துச் சுழற்றிவிட்டு நிறுத்தினால் சொம்பு நின்றபின்னும் தண்ணீர் சுற்றுமே, உட்காதின் அரைவட்டக் குழல்களில் உள்ள திரவமும் அப்படித்தான். அது தள்ளிச் சாய்த்த மெல்லிய சவ்வு நேராக நிமிரும்வரை 'சுற்றுகிறது' என்ற செய்தி மூளைக்குப் போய்க்கொண்டே இருக்கும். கண்ணோ 'நிற்கிறோம்' என்கிறது. இரண்டு செய்திகளும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது.

கொடைக்கானல் மலைப்பாதையில் பேருந்தில் வாந்தி எடுப்பவர்கள் பயணிகள்தான், ஓட்டுநர் எடுப்பதில்லை. அடுத்த வளைவு எந்தப் பக்கம் என்று அவர் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். எதிர்பார்த்த செய்தி வந்தால் முரண் இல்லை. பூங்காவிலும் இது உதவும்: குமட்டல் வரும் ஆள் முன் சீட்டில் பாதையைப் பார்த்துக்கொண்டு உட்காருவது நல்லது. சுற்றும் ராட்டினத்தில் தலையைத் திருப்பவே கூடாது. ஓர் அச்சில் சுற்றும்போது வேறோர் அச்சில் தலையை அசைத்தால் மூன்று குழல்களும் மாறுபட்ட செய்திகளை அனுப்பும். சாய்மானத்தில் தலையைச் சாய்த்து, ஒரே பக்கம் பார்த்திருந்தால் பாதித் தொல்லை குறையும். கர்ப்பிணிகள், இதய நோய், உயர் ரத்த அழுத்தம், கழுத்து முதுகுப் பிரச்சினை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்ற அறிவிப்புப் பலகையையும் தயவுசெய்து படியுங்கள். மேலே சொன்ன தள்ளல் கணக்குகள்தான் அந்தப் பலகைக்குக் காரணம்.

ஒரு நண்பரோடு போவதால் என்ன மாறுகிறது? யேல் பல்கலைக்கழகத்தில் எரிக்கா பூத்பியும் சக ஆய்வாளர்களும் 2014-இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்றவர்கள் சாக்லேட் சாப்பிட்டார்கள். பக்கத்தில் இருப்பவரும் அதே நேரம் அதே சாக்லேட்டைச் சாப்பிட்டால், ஒரு வார்த்தைகூடப் பேசாமலே, சுவை கூடியதாகச் சொன்னார்கள். கசப்பான சாக்லேட்டைக் கொடுத்தபோது, சேர்ந்து சாப்பிட்டவர்களுக்கு அது இன்னும் மோசமாக இருந்தது. இன்பம், கசப்பு இரண்டையுமே துணை பெருக்கிவிடுகிறது. சாக்லேட்டில் கண்டதை ரோலர் கோஸ்டருக்கு அப்படியே பொருத்திவிட முடியாது. இருந்தாலும், ஏற மனமில்லாத நண்பரைக் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைக்கும் வழக்கத்தை நாம் விட்டுவிட வேண்டும் என்று நினைக்கிறேன்.

தோழிக்குத் தலைசுற்றல் தீர்ந்ததும், அவளே கேட்டு ஏறியது கொலம்பஸ். தமிழ்நாட்டுப் பொருட்காட்சிகளில் பார்த்தவர்களுக்கு அந்தப் பெரிய கப்பலை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதுவும் ஓர் ஊஞ்சல்தான். எனவே எங்கே உட்கார்ந்தால் எவ்வளவு தூக்கும் என்பதைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். கப்பல் 60 டிகிரி உயர்ந்து நிற்கும் கணத்தில், நடுவில் இருப்பவரைச் சீட் தள்ளுவது அவருடைய எடையில் சரிபாதி. உயர்ந்த பக்கத்தின் ஓரத்தில் இருப்பவர் மையத்திலிருந்து இன்னும் 25 டிகிரி தள்ளி, அதாவது 85 டிகிரியில் இருக்கிறார். அவருக்கு மிஞ்சுவது எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கப்பல் மறுபக்கம் உயரும்போது அதே ஓரத்துக்காரர் 35 டிகிரியில்தான் இருப்பார். எடையில் 80 சதவீதம் திரும்பிவிடும். ஓரத்தில் இருப்பவருக்கு ஒரு பக்கம் மட்டும் வயிறு கிளம்பும்; நடுவில் இருப்பவருக்கு இரு பக்கமும் மிதமாக. தோழி நடு வரிசையைத்தான் கேட்டாள். பயப்படுகிற ஒருவரோடு கொலம்பஸ் ஏறுபவர்கள் நடுவில் தொடங்கலாம்; அடுத்த முறை அவர் வேண்டுமென்றால் ஒரு வரிசை ஓரத்துக்கு நகரலாம். ஒவ்வொரு வரிசைக்கும் எடை கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும்.